ஹோக்லியா, பிடியா

அந்தக் குழாயடி பாக்கியம் சொன்னாளா உனக்கு? அவ வாயில எதுதான் முழுசா வந்துச்சு. எங்க மாப்பிள்ளையை புட்பால் டீமுலேர்ந்து தூக்கிட்டாங்கன்னு சொன்னாளா? தூக்கலம்மா. தூக்கவும் இல்ல, வெச்சுக்கவும் இல்ல. அதான் பேஜாரு. நீ உள்ள வா ராசாத்தி, அந்தப் பலகையை இழுத்துப் போட்டு குந்து. ஜீவனஹள்ளி கல்யாண வூடு எங்கியும் ஓடிடாது, பொண்ணழைப்பு ராத்திரிக்குத்தானே. ஊர்ல நாம ரெண்டு பேரும் சொவத்து மேல மோவாயை வெச்சுக்கினு பேசினோம். இங்க நீ பஸ்ஸு ஏறி வந்து பேசணும். வேற ஒண்ணும் மாறல.

மெதுவா பேசறேன், பக்கத்துல கேக்கும். இங்க சொவரு ஒத்தைச் செங்கல்லு.

உங்க அண்ணன் போன அப்பால நான் பொண்ணு தனம் வூட்டுக்கு வந்தேனா, வந்த அன்னியிலேர்ந்து மாப்பிள்ளை எதிர்ல நின்னு ஒரு வார்த்தை பேசினதில்ல. நம்ம வழக்கம் அது. அவரு சோறு தின்னும்போது நான் அடுப்படி கதவுக்குப் பின்னால. "தனம், ரசம் வேணுமான்னு கேளு." தனம் இல்லன்னா சொவத்தைப் பாத்து, "ரசம் அடுப்பு மேல கீது"ம்பேன். அவரும் சொவத்தைப் பாத்து "செரி"ம்பாரு. தங்கமான மனுசன். ஒரு நாளு கூட, உன் ஆத்தா எப்ப கெளம்புவான்னு தனத்தைக் கேட்டதில்ல. கேட்டிருந்தா அந்தக் கதவுக்குப் பின்னாலயே எனக்குக் கேட்டிருக்கும்.

அவரு காலாலதான் இந்தக் குடும்பமே நிக்குது. கண்டோன்மெண்டு பக்கம் புட்பாலுன்னா பைத்தியம் உனக்குத் தெரியாது. பாக்டரிக்காரங்க அவருக்கு வேலை குடுத்ததே அவரு காலைப் பாத்துத்தான். வெறுங்காலுல அடிச்சாருன்னா பந்து அல்சூரு ஏரியில போயி வுழும்னு சொல்லுவாங்க. நான் பாக்கல, சொன்னவங்களும் பாத்திருக்க மாட்டாங்க. அப்பால வயசாச்சு, நீ ஆட வாணாம் தேவராஜு, ஆடற பசங்களைப் பாத்துக்கோன்னு மேனேஜராக்கினாங்க. மேனேஜருன்னா நீ மேசை நாற்காலின்னு நெனைக்காத. ஒரு விசிலு, பந்து வெக்கிற ரூமு சாவி, அவ்ளோதான். மிஷினு வேலை ஒண்ணும் தெரியாது அவருக்கு. டீமு இல்லன்னா அங்க அவருக்கு இன்னா வேலை? டீமுலேர்ந்து போனா பாக்டரியிலேர்ந்தும் போன மாதிரிதான். பாக்டரி போனா இந்த ஜோகுபாளையத்து வாடகை வூடு போச்சு, பேத்தி வசந்தா படிப்பு போச்சு, தனம் ஆஸ்பத்திரியில ஆயா வேலை பாக்குறாளே, அவ சம்பளத்துல நாலு வயிறு. இதுல ராஜ்யத்தை வேற பாஷை பாஷையா பிரிக்கப் போறாங்களாம், தமிழாளுங்களை இன்னா பண்ணுவாங்களோன்னு ஆளாளுக்கு ஒண்ணு சொல்றாங்க. நான் ராத்திரி தூங்கினா கேளு.

எல்லாம் அந்த பூட்ஸு வந்துதான். இனிமே பூட்ஸு போட்டுக்கினுதான் ஆடணும்னு எங்கியோ மேலேர்ந்து ரூலு வந்துச்சாம். எங்க பசங்க காலுல துணியைச் சுத்திக்கினு ஆடினவனுங்க. மானு மாதிரி ஓடுவானுங்க. பூட்ஸைப் போட்டதும் கழுநீர்ப் பானையில காலை வுட்டவன் மாதிரி நடக்குறான் ஒவ்வொருத்தனும். தோத்தானுங்க. அப்பாலயும் தோத்தானுங்க. இன்னிக்கி ஜெயிப்பாங்கன்னு நான் கேசரி கிண்டி வெச்ச அன்னிக்கும் தோத்தானுங்க. தோத்துட்டு வந்து கேசரியை முழுசாத் தின்னானுங்க, அது வேற.

கோலு நிக்கிறானே ஜோசப்பு, பிரேசர் டவுன் பையன், கட்டையா சிவப்பா இருப்பான். அவன் சாமியாருங்க ஸ்கூல்ல படிச்சவன், சின்னதுலேர்ந்து பூட்ஸு போட்டு ஆடினவன். அவன்தான் மொதல்ல சொன்னான். எங்க வூட்டு வாசல்லயே நின்னுக்கினு, எங்க வூட்டு மோரைக் குடிச்சிக்கினே சொன்னான். "அண்ணே, கோவிச்சுக்காதீங்க. பூட்ஸு போடாத ஆளு பூட்ஸு போட்டவனுக்கு இன்னா சொல்லிக் குடுக்க முடியும்? நீங்க வேற ஆளுக்கு வுட்டுக் குடுங்க." இவரு இன்னா சொன்னாரு தெரியுமா? "கழட்டிப் போட்டுட்டு ஆடினா நீங்கள்லாம் ஜெயிப்பீங்கடா." "கழட்டினா வெளியில அனுப்பிடுவாங்கண்ணே." "அதான் நாடு உருப்படல"ன்னுட்டு உள்ள போயிட்டாரு.

கதவுக்குப் பின்னால நின்னுக்கினு எனக்கே தோணிச்சு ராசாத்தி, இந்தப் பையன் சொல்றதுல ஞாயம் கீதேன்னு. தனத்துக்கிட்ட சொல்லிடாத. புதுசா பூட்ஸு வந்தா பூட்ஸு தெரிஞ்ச ஆளுதானே வேணும்? ஆனா இன்னொரு பக்கம் பாரு. ரூலை மாத்தினது இவரா? ஜெயிச்சப்ப இவருக்குத்தானே தோள் கனக்க மாலை போட்டாங்க, மாலை நாரு கூட இன்னும் அந்த ஆணியில தொங்குது. அன்னிக்கு நல்ல மேனேஜரு, இன்னிக்கு கெட்ட மேனேஜரா? பசங்க காலு சரியில்லன்னா பசங்களை மாத்தேன். பசங்களை மாத்த முடியாது, அத்தினி பேருக்கு ஆளு தேடணும். ஒத்தை ஆளை மாத்தறது சுளுவு. நான் ரெண்டு பக்கமும் ஞாயம் பேசிப் பேசி, அன்னிக்கு சாம்பாருக்கு உப்பே போடல.

போன ஞாயித்துக்கிழமை கமிட்டி கூடிச்சு. பாக்டரி கிளப்பு வெராந்தாவுல. செக்ரட்டரி கன்னடத்து ஆளு, பெரிய ஆபீசரு, மல்லேஸ்வரத்துல வூடு. பாக்டரிக்குள்ள எல்லாரும் தமிழு, இல்லன்னா துலுக்கப் பேச்சு, இல்லன்னா ரெண்டையும் கலந்து. எங்க மாப்பிள்ளைக்கு இத்தினி வருசத்துல கன்னடம் தேவையே படல. எனக்கும்தான். நமக்குத் தெரிஞ்சது பேக்கா பேடா, வேணுமா வேணாமா. அதை வெச்சே காலத்தை ஓட்டிட்டோம்.

மாப்பிள்ளை வந்தாரு. சட்டையைக் கழட்டி மாட்டிட்டு சொவத்தைப் பாக்கத் திரும்பிப் படுத்துட்டாரு. தனம் போயி பக்கத்துல குந்தினா.

"இன்னா சொன்னாங்க?"

இவரு கண்ணை மூடிக்கினாரு.

"தூங்கற மாதிரி நடிக்காதீங்க. உங்களுக்கு நடிக்க வராது."

"ஹோக்லி பிடின்னுட்டாரு செக்ரட்டரி."

"அப்டின்னா?"

"ஹோகுன்னா போன்னு அர்த்தம். போகட்டும்னுட்டாரு. எழுந்து ஒரு சலாம் போட்டேன், சாவியையும் விசிலையும் ஜோசப்பு கையில குடுத்தேன், வந்துட்டேன்."

தனம், "ஊருக்கே போயிடலாம்"னா. ராசாத்தி, நான் வருசாவருசம் பொங்கலுக்கு ஊரு ஊருன்னு அடிச்சுக்குறவ, இல்லையா? அவ அப்டி சொன்னதும் எனக்கு சந்தோசமே வரல. ஊர்ல யாரு வூட்டுல போயி நிப்போம்? என் தம்பி பொண்டாட்டி ஒரு வேளை சோறு போடுவா, ரெண்டாவது வேளை மூஞ்சியைக் காட்டுவா. உனக்குத் தெரியாததா. மாப்பிள்ளை அங்க இன்னா செய்வாரு, மாடு மேய்ப்பாரா? அப்பத்தான் தெரிஞ்சுது, எனக்கு ஊருன்னா போயிட்டுத் திரும்பி வர்றதுக்குத்தான் புடிக்குது.

ஆனா எனக்கு அந்த "பிடி"யில கொஞ்சம் ஆறுதல் இருந்துச்சு. அடுப்படியிலேர்ந்தே சொன்னேன், "தனம், போகட்டும்னு மட்டும் சொல்லலையே, பிடின்னும் சொல்லியிருக்காரே. போறவனைப் பிடின்னு சொல்றாரோ என்னவோ, கேளு." மாப்பிள்ளை தலையணையில மூஞ்சியைப் பொதைச்சுக்கினாரு. சிரிச்சாரா அழுதாரான்னு தெரியல.

அப்பத்தான் வசந்தா வந்தா, சிநேகிதி வூட்டுலேர்ந்து. வாசல்ல நின்னுக்கினு அந்தப் பொண்ணோட கன்னடத்துல ஒரு கத்தை பேச்சு. அவங்க சிரிக்கிறது எதுக்குன்னே நமக்குப் புரியாது. என்னை இப்பல்லாம் ஆயான்னு கூப்புடறதில்ல, அஜ்ஜிங்கறா. நான் திரும்பியே பாக்க மாட்டேன், வேற யாரையோ கூப்புடறான்னு. பெத்த பொண்ணோட பொண்ணு, நம்ம வூட்டுல நம்ம சோத்தைத் தின்னுட்டு வேற பாஷையில கனவு காணுது. அன்னிக்கு வரைக்கும் எனக்கு அது வயித்தெரிச்சல்தான். விஷயத்தைக் கேட்டா. சிரிக்கிறா ராசாத்தி, குந்தி சிரிக்கிறா.

"அஜ்ஜி, யாரும் அப்பாவைப் போகச் சொல்லல. ஹோக்லி பிடின்னா பரவால்ல வுடுங்கன்னு அர்த்தம். என் பேனா ஒடைஞ்சப்ப எங்க டீச்சர் கூட அதான் சொன்னாங்க."

"அதுக்கப்புறம் பேனா ஒட்டிக்கிச்சா?"

"ஒட்டல."

"அப்ப இன்னாத்துக்கு சொன்னாங்க. செரி, பிடின்னா?"

"பிடின்னா அவங்க பாஷையில வுடுங்கன்னு அர்த்தம்."

பாரேன். பிடின்னா வுடாம். இந்த ஊர்ல எதை நம்பிப் பொழைக்கிறது.

தனம் சொன்னா, "நம்ம பேச்சுலயும் போகட்டும்னா ரெண்டும்தானே. கொடம் ஒடைஞ்சா போகட்டும்போம். வேலைக்காரியை நிறுத்தினாலும் போகட்டும்போம். அந்த ஆளு எதைச் சொன்னாரோ?" உடனே எல்லாரும் மாப்பிள்ளையைச் சுத்திக்கினாங்க. எப்டி சொன்னாரு, அதே மாதிரி சொல்லிக் காட்டுங்க. மனுசன் எழுந்து குந்திக்கினு சொல்றாரு. மொதல்ல மெதுவா, "ஹோக்லி பிடி." வசந்தா, "இப்டின்னா பரவால்ல வுடுங்கதான்." அப்பால வெடுக்குன்னு, "ஹோக்லி, பிடி." வசந்தா மூஞ்சி சுருங்கிச்சு, "இப்டி சொல்லியிருந்தா தொலையட்டும்னும் இருக்கலாம்." "கையை எப்டி வெச்சிருந்தாருன்னு கேளு தனம்"னு நான் இங்கேர்ந்து. "கையில வெத்தல இருந்துச்சு"ங்கறாரு அவரு. வெத்தலையைக் கையில வெச்சுக்கினு எவனாவது ஒருத்தனை வேலையைவுட்டுத் தூக்குவானா? தனம், "அந்த ஆளு சாவு வூட்டுலயும் வெத்தல போடுவாரு"ங்கறா.

போயி கேட்டுட்டு வாங்களேன்னா போக மாட்டேங்கறாரு. "பரவால்லன்னு சொன்ன ஆளுக்கிட்ட போயி, நீங்க திட்டினதா நெனைச்சேன்னு சொல்லச் சொல்றியா? இல்ல, போன்னு சொன்ன ஆளுக்கிட்ட போயி, நெசமாத்தான் சொன்னீங்களான்னு கேக்கச் சொல்றியா? ரெண்டும் முடியாது." பேசாம பாக்டரிக்குப் போறாரு, ஒரு மூலையில குந்தறாரு, வராரு. எப்ப எவன் கூப்பிட்டு கணக்கைத் தீத்துக்கோம்பானோன்னு அவரும் நாங்களும்.

எனக்குப் பொறுக்கலடி. வசந்தாவை இழுத்துக்கினு மல்லேஸ்வரத்துக்குக் கெளம்பிட்டேன். தனத்துக்குக் கூட சொல்லல, கோயிலுக்குன்னுட்டேன். பஸ்ஸு முழுக்க இந்தப் பொண்ணு எனக்குப் பாடம் நடத்துது. நம்ம அளியா இர்பேக்கா, ஹோக்பேக்கா. மருமவன் இருக்கணுமா, போகணுமான்னு அர்த்தமாம். அளியான்னா மருமவன். நல்ல பேருதான், அழியாம இருக்கட்டும்னு நானும் சொல்லிச் சொல்லிப் பாத்தேன். நடுவுல பஸ்ஸு மாறணும், அந்தக் கூட்டத்துல கழண்ட செருப்பைத் தேடினப்ப பாதி மறந்துபோச்சு.

பெரிய வூடு. கோலம் நம்ம கோலம் மாதிரியேதான் கீது. செக்ரட்டரி வூட்டம்மா கதவைத் தொறந்தா, நல்ல லட்சணம். நான் கையைக் கும்பிட்டுட்டு சொல்றேன், "நானு இர்லா, ஹோக்லா?" வசந்தா என் முதுகுல குத்துறா. எனக்குத் தெரியுது தப்புன்னு, ஆனா வாயில அதான் வருது. நான் இருக்கட்டா, போகட்டான்னு கேட்டுட்டேன் போல. அந்தம்மா பயந்துபோயி, "இரி, இரி, காபி குடிது ஹோகி"ன்னு உள்ள கூட்டிக்கினு போயி குந்த வெச்சு காபி குடுத்துட்டா. நல்ல காபி. வசந்தா மூஞ்சியைப் பாக்கணுமே. அவ வயசுல எனக்கும் என் ஆத்தாவால அப்டி மூஞ்சி ஆகியிருக்கு, செரி போ.

செக்ரட்டரி வந்தாரு. வசந்தா பேசினா. தலையைக் குனிஞ்சுக்கினு, ஆனா நிறுத்தாம, ஆபீசரு பொண்ணு மாதிரி பேசினா. எனக்கு அவ பேசறது ஒண்ணும் புரியல, அவ பயப்படலன்னு மட்டும் புரிஞ்சுது. அந்த மனுசன் தலையில கையை வெச்சுக்கினாரு. "நானு ஹோக்லி பிடி அந்தே. அவரு ஹோகே பிட்டரு." இதை நான் மனப்பாடம் பண்ணிட்டேன். நான் போகட்டும் வுடுங்கன்னேன், அவரு போயே போயிட்டாரு. கமிட்டியில மத்தவங்கல்லாம் மேனேஜரை மாத்துன்னு கத்தினாங்களாம். இவருதான், தோத்தது தோத்தாச்சு, ஹோக்லி பிடின்னாராம். அந்த நேரம் பாத்து எங்க மாப்பிள்ளை எழுந்து சலாம் போட்டாரு. அவரே வாணாம்னு சாவியைக் குடுத்துட்டுப் போயிட்டாரு, இனிமே நாம இன்னா பண்றதுன்னு மத்தவங்க சொல்றாங்களாம். அவரு வாயால இருக்கேன்னு ஒரு வார்த்தை சொல்லட்டும், இல்லன்னா என்னால நிறுத்தி வெக்க முடியாதுன்னுட்டாரு.

வூட்டுக்கு வந்து சொன்னா, மாப்பிள்ளை சந்தோசப்படுவாருன்னு பாத்தியா? இன்னும் மோசம். "மாமியாரை அனுப்பி வேலை கேட்டவன்னு பேரு வந்துச்சு"ன்னு அன்னிக்கு சோறு திங்கல. என்னை ஒண்ணும் சொல்லல. சொல்லியிருக்கலாம்.

மறுநாளு சாயங்காலம் ஜோசப்பு வந்தான். கையில துண்டுல சுத்தின மூட்டை. நான் நெனைச்சேன், விசிலைத் தூக்கிக்காட்டி பெருமை அடிக்க வந்தான்னு. இவரு வாசல்ல குந்தியிருந்தாரு, எழுந்துக்கல.

"இன்னா மேனேஜரு சார், பிராக்டீஸ் முடிஞ்சுதா?"

"கிண்டல் பண்ணாதீங்கண்ணே. நான் உங்களைத் தூக்கணும்னு சொன்னவன்தான். கமிட்டியிலயும் சொன்னேன், இப்பவும் சொல்றேன்."

"அப்ப இங்க எதுக்கு வந்தே?"

"தூக்கினா மூஞ்சிக்கு நேரா தூக்கணும். பாஷை புரியாம எழுந்து போற ஆளோட சாவி எனக்கு வாணாம். பசங்க இன்னா சொல்றாங்க தெரியுமா, நான் சொன்னதை நீங்க கேட்டுட்டுப் போயிட்டீங்கன்னு. எனக்கு அசிங்கமா கீது."

துண்டைப் பிரிச்சான். பூட்ஸு. அவனோட பழசு, அடியில கட்டை வெச்சது. இவரு காலு முன்னால போட்டான்.

"இந்த ஞாயித்துக்கிழமை மேட்ச். அதுவரைக்கும் தினம் இதைப் போட்டுக்கினு எங்களோட ஓடுங்க. ஓடினப்புறமும் கழட்டிட்டு ஆடுங்கடான்னு சொன்னீங்கன்னா, நானே உங்களைப் போங்கன்னு சொல்றேன். தமிழ்ல சொல்றேன். சந்தேகமே வராது."

இவரு அந்த பூட்ஸையே பாத்துக்கினு இருந்தாரு. பாம்பு மாதிரி. அப்பால தனத்தைக் கூப்பிட்டு, "இதை எந்தக் காலுல மொதல்ல போடறது"ன்னாரு.

அவ்ளோதான் நடந்துச்சு. வசந்தாகிட்ட ஒரே ஒரு வார்த்தை கத்துக்கினு போயி செக்ரட்டரிகிட்ட சொல்லிட்டும் வந்துட்டாரு. நானு இர்த்தீனி. இருக்கேன்னு. நம்ம பேச்சை விட அவங்க பேச்சுல கொஞ்சம் கெத்தாத்தான் கீது. இரின்னாராம் அவரு. ஆனா கமிட்டிக்காரங்க வுடல, ஞாயித்துக்கிழமை தோத்தா வேற ஆளுதான்னு தெளிவா சொல்லிட்டாங்க. இந்தத் தடவை எல்லா பாஷையிலயும் சொல்லிட்டாங்களாம். ஜோசப்பு நேத்து சொன்னான், "அண்ணன் இப்ப பசங்களைத் திட்டறதில்ல ஆயா. ஓடி வந்து பக்கத்துல நின்னு, வலிக்குதாடான்னு கேக்குறாரு. அதுக்கே பசங்க கொஞ்சம் ஓடறானுங்க." கொஞ்சம் ஓடினா போதுமா? எதிர் டீமு ராணுவத்து ஆளுங்களாம், பொறக்கும்போதே பூட்ஸோட பொறந்தவனுங்க. இவரைத் தூக்கணுமா வெச்சுக்கணுமான்னு இப்ப என்னைக் கேட்டா, எனக்கு ஞாயமே தோண மாட்டேங்குது. வெச்சுக்கணும், அவ்ளோதான் தோணுது. தெனம் அந்த...

தோ, கேட்டு தொறக்கற சத்தம். வந்துட்டாரு, இழுத்து இழுத்து நடக்குற நடை கேக்குது பாரு. தனம் ஆஸ்பத்திரியிலேர்ந்து வர இருட்டிடும், வசந்தாவும் இல்ல. நேத்து தனம்தான் அந்த பூட்ஸு கயிறு முடிச்சை அவுத்தா. கொப்புளம் ஒடைஞ்சு சாக்ஸு சதையோட ஒட்டிக்கிச்சு, அவரால குனியவே முடியல. அவ வர வரைக்கும் இப்டியே குந்தியிருப்பாரு, கூப்புட மாட்டாரு. நீ அவரு காலுக்கு வெச்ச அந்த உப்புத் தண்ணியை அடுப்புலேர்ந்து எறக்கு ராசாத்தி. இன்னா அப்டி பாக்குறே? கல்யாணத்தன்னிக்கு நானும் உங்க அண்ணனும் தாம்பாளத்துல வெச்சுக் கழுவின காலுதானே. வா, தண்ணியைத் தூக்கிக்கினு என் பின்னாலயே வா.

மாப்பிள்ளை. காலை இப்டி நீட்டுங்க.